பின்சக்கரத்துக்கு ஸ்பேசர்: இறுக்கிய நட்டுகள் தளர்ந்த கதை

சரிவான நிலத்தில் குறுக்காக டிராக்டர் ஓட்டும்போது, மேட்டுப்பக்கத்துப் பின்சக்கரம் கனம் இழப்பதை இருக்கையில் உட்கார்ந்தபடியே உணரலாம். டயரின் பட்டைகள் மண்ணைக் கடிப்பதை நிறுத்திவிடும். சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுழலும். மறு கணம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கத்தில் லோடர் வாளி நிறைய ஈர மண்ணோடு அப்படி ஒரு முறை ஆனபோது, வாளியைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டு இயந்திரத்தை அணைத்து இறங்கினேன். கால் நடுக்கம் அடங்க நேரம் பிடித்தது. என்னுடையது சிறிய டிராக்டர். உயரம் இருக்கும் அளவுக்கு அகலம் இல்லை. பின்சக்கரங்களுக்கு உட்புறம் ஸ்பேசர் எனும் தடித்த வளையம் போட்டு, அவற்றை வெளியே தள்ளுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன் அளவெடுத்தேன். ஒரு பின்டயரின் நடுவிலிருந்து மறு டயரின் நடு வரை 98 செ.மீ. எடைமையம் தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அசையாமல் நிற்கும் டிராக்டர் கவிழத் தொடங்கும் கோணம் 37 பாகை. இரு பக்கமும் 75 மி.மீ. ஸ்பேசர் போட்டால் சக்கர இடைவெளி 113 செ.மீ. ஆகும், கோணம் 41 பாகைக்கு ஏறும். நான்கு பாகை கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்து, வாளியைத் தூக்கினால் எடைமையம் 85 செ.மீ.க்கு ஏறுகிறது என்று வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பேசர் இல்லாமல் 30 பாகை, ஸ்பேசரோடு 33 பாகைக்குச் சற்று மேல். வாளியைத் தூக்குவதால் இழக்கும் ஏழு பாகையில் பாதியைத்தான் ஸ்பேசர் திருப்பித் தருகிறது. பள்ளப்பக்கத்துச் சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்கினால் டிராக்டர் கூடுதலாக ஐந்து பாகை சாய்ந்துவிடும். கிடைத்த நான்கு பாகையும் அந்த ஒரு குழியில் போய்விடும்.

இந்த எண்களையும் அப்படியே நம்பக் கூடாது. முன் அச்சு நடுவில் ஒரு இரும்பு முளையில் தொங்கி இருபுறமும் ஆடக்கூடியது. அதனால், முன் அச்சு அதன் தடுப்பில் போய் முட்டும் வரை டிராக்டர் நான்கு காலில் நிற்கவில்லை. இரண்டு பின்சக்கரம், முன்னால் அந்த ஒரு முளை என மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது. அந்த முக்கோணம் முன்னோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. வாளியில் பாரம் ஏற ஏற எடைமையம் முன்னால் நகர்ந்து, முக்கோணத்தின் குறுகிய பகுதிக்குப் போய்விடுகிறது. ஆகவே உண்மையான கவிழும் கோணம் என் கணக்கைவிடக் குறைவு. அசைவும் வேகமும் சேர்ந்தால் இன்னும் குறைவு. லோடர் வேலைக்குப் பின்னால் எதிர்ப்பாரம் கட்டச் சொல்வதற்கும், முன்சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டுப் பெரிய பலன் இல்லாமல் போவதற்கும் காரணம் இந்த முக்கோணம்தான். முன்சக்கரங்களை நான் தொடவே இல்லை. லோடரின் பாரம் ஏற்கெனவே அங்கே இறங்குகிறது. திருப்பும் மூட்டுகள் மேலும் நெம்பப்படுவதை நான் விரும்பவில்லை.

ஸ்பேசர் வாங்காமலே அகலப்படுத்த ஒரு வழி உண்டு. சக்கரங்களைக் கழற்றி, இடதை வலப்புறமும் வலதை இடப்புறமும் மாற்றி, தட்டின் குழிவு மறுபக்கம் வரும்படி மாட்டுவது. பக்கம் மாற்றாமல் திருப்பி மட்டும் மாட்டினால் டயர்ப் பட்டைகளின் திசை தலைகீழாகிப் பிடிப்பு போய்விடும். பல டிராக்டர்களில் ரிம்மும் நடுத்தட்டும் தனித்தனியாக இருக்கும். அவற்றில் இப்படி மாற்றி மாற்றிப் பல அகலங்களை எடுக்கலாம். அந்த வசதி உள்ளவர்கள் ஸ்பேசரை நினைக்கவே வேண்டாம். என் ரிம் ஒரே துண்டு. நட் உட்காரும் கூம்புக் குழி ஒரு பக்கத்தில் மட்டுமே கடைந்திருக்கிறது. திருப்பிப் போட்டால் நட்டின் கூம்பு தட்டையான இரும்பில் விளிம்போடு நிற்கும். அப்படி மாட்டிய சக்கரத்தில் நான் ஏறி உட்கார மாட்டேன்.

ஸ்பேசரில் இரண்டு வகை. ஒன்று, வெறும் வளையம். ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) ரிம்முக்கும் நடுவே செருகி, நீளமான போல்ட் அல்லது ஸ்டட் (தலையில்லாத, மரையிட்ட கம்பி) போட்டு மொத்தமாக இறுக்குவது. 75 மி.மீ.க்கு அந்த வகை எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வாங்கியது மற்றது. வளையத்தை ஹப்பின் ஆறு ஸ்டட்டில் மாட்டி, ஆழக் குழிகளுக்குள் நட் போட்டு இறுக்க வேண்டும். வளையத்தின் வெளிமுகத்தில் இருக்கும் வேறு ஆறு ஸ்டட்டில் சக்கரம் ஏறும். எஃகில் கடைந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 கிலோ.

அளவு கொடுப்பதற்கு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டட் வட்டத்தின் விட்டம் முதலில். ஆறு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து என்றால் எதிர் ஸ்டட் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் நடுத்தூரத்தை 0.588ஆல் வகுக்க வேண்டும். இரண்டாவது மரை. என்னுடையது 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. மூன்றாவது, ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் வளைய மேடு. ஸ்பேசரின் நடுத்துளை அதில் ஆட்டமின்றி உட்கார வேண்டும். ரிம்மின் நடுத்துளைக்கு அதே போன்ற மேடு ஸ்பேசரின் வெளிமுகத்திலும் இருக்க வேண்டும். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரிம்மின் தட்டு 8 மி.மீ. தடிமன், ஸ்பேசரில் நட் உட்காரும் அடிப்பகுதியோ 20 மி.மீ. அந்த 12 மி.மீ. வித்தியாசத்தால் நட் பிடிக்கும் ஸ்டட் நீளம் குறைந்துவிடும். என் ஸ்டட்டுகள் 45 மி.மீ. வெளியே நின்றன, அதனால் போதுமான மரை மிஞ்சியது. ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழமாவது நட்டுக்குள் மரை ஏற வேண்டும், அதாவது எனக்கு 14 மி.மீ. அதற்குக் குறைந்தால் ஹப் ஸ்டட்டை மாற்றாமல் ஸ்பேசர் போடக் கூடாது.

இனி வேலை.

சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, வாளியைத் தரையில் இறக்கி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். பிறகு முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள சந்தில் இருபுறமும் மர ஆப்பு அடித்தேன். நான் முன்னே சொன்ன ஆடும் அச்சுதான் காரணம். பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினால், உடல் முழுவதும் அந்த முளையைச் சுற்றிச் சாயப் பார்க்கும். ஜாக்கி நன்றாக நிற்கிறது என்ற நம்பிக்கையில் இந்த ஆப்பை அடிக்காமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியில் கையை நீட்டி வேலை செய்யும் இடம் அது. இரண்டு துண்டு மரத்தை அடிக்கச் சோம்பல் படலாகாது.

டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். பின் அச்சுக் கூட்டின் அடியில் ஜாக்கி, பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். டயர் தரையை விட்டு ஒரு விரல் தடிமன் எழும்பியதும் ஜாக்கியை நிறுத்தினேன். இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். என் பின்டயர்கள் 9.5-24 அளவு, ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருக்கிறேன், ஏறத்தாழ 90 லிட்டர். ரிம்மோடு சேர்த்தால் 150 கிலோவுக்குக் குறையாது. அது சாய்ந்தால் ஒரு ஆளால் பிடிக்க முடியாது, பிடிக்க முயலவும் கூடாது. தரையை ஒட்டியே இருந்தால் மெல்ல உருட்டிச் சுவரில் சாய்க்கலாம். வால்வு மேலே இருக்கும்படி முதலிலேயே சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் தண்ணீர் ஒழுகும் கவலையும் இல்லை.

சக்கரம் நீங்கியதும் ஹப் முகத்தில் துரு, பழைய கிரீஸ், காய்ந்த சேறு. கம்பி பிரஷ், எமரி தாள், கடைசியாகத் துணியில் தின்னர். இரும்பின் நிறம் தெரியும் வரை தேய்த்தேன். ஸ்பேசரைத் தூக்கி மாட்டிக் கையால் ஆட்டிப் பார்த்தபோது மிக லேசாகத் தட்டியது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.3 மி.மீ. தகடு ஒரு பக்கத்தில் உள்ளே போனது. ஹப்பின் வளைய மேடு முகத்தோடு சேரும் மூலை கூர்மையாக இல்லாமல் சிறு வளைவாக இருந்தது. ஸ்பேசரின் நடுத்துளை விளிம்போ கூர்மையாக இருந்தது. அந்த விளிம்பு வளைவில் ஏறி நின்றுகொண்டு, ஸ்பேசரை முகத்தில் படிய விடவில்லை. நட்டை இறுக்கினால் படிந்துவிடும் என்று தோன்றும். அப்படி இறுக்கினால் எல்லா விசையும் அந்த மெல்லிய விளிம்பில் போய்ச் சேரும். லேத்தில் கொடுத்து விளிம்பை 2 மி.மீ. சாய்வாகக் கடைந்து வாங்கினேன். மறுபடி மாட்டியபோது ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட எங்கும் நுழையவில்லை.

மரைகளைச் சுத்தம் செய்து காய விட்டேன். எண்ணெய் தடவவில்லை. கையேட்டில் தரப்படும் இறுக்க அளவு பொதுவாகக் காய்ந்த மரைக்கானது. எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே அளவுக்கு இறுக்கும்போது ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடக்கூடும். என் கையேடு சொன்னது 170 நியூட்டன் மீட்டர். வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் 60, 120, 170 என்று மூன்று சுற்று, எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில். பிறகு சக்கரத்தை உருட்டி வந்தேன். எதிரெதிரான இரண்டு ஸ்டட்டில் குழாய்த் துண்டு செருகி நீளமாக்கிக்கொண்டால், கனமான சக்கரத்தை மரை அடிபடாமல் வழிகாட்டி ஏற்றலாம். டயரின் அடியில் கடப்பாரையை நுழைத்து இம்மி இம்மியாக உயர்த்தினேன். வெளி நட்டுகளையும் அதே மூன்று சுற்றில் இறுக்கி, கடைசிச் சுற்றை மட்டும் டயரைத் தரையில் இறக்கிய பின் செய்தேன்.

இரண்டு பக்கமும் முடிய அரை நாளுக்கு மேல் ஆனது. ஓட்டிப் பார்த்தேன். அதே சரிவில் டிராக்டர் தரையோடு ஒட்டிப் போவது போல இருந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் வெளி நட்டுகளை ரெஞ்ச் வைத்துச் சோதித்தேன். எல்லாம் அசையாமல் கிளிக் என்றன. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உள் நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. இந்த வகை ஸ்பேசரின் உண்மையான குறை இதுதான். வெளியே எல்லாம் இறுக்கமாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மறுபடி ஆப்பு, ஜாக்கி, கடப்பாரை எல்லாவற்றையும் எடுத்து, முதலில் இடது சக்கரத்தைக் கழற்றினேன்.

உள்ளே ஆறில் மூன்று நட்டுகள் ரெஞ்ச் கிளிக் ஆவதற்கு முன் ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்றுத் திரும்பின. ஒரே ஒரு மணி நேரத்தில். ஸ்பேசரை இறக்கிப் பார்த்தேன். உட்புற முகத்தில் தடித்த கறுப்புப் பெயிண்ட். அதில் பிறை பிறையாக நசுங்கிய மினுமினுப்பு. ஓரத்தில் பிதுங்கி நின்ற பெயிண்ட் உதிரி. ஒரு ஸ்டட்டின் அருகே செந்தூள் போல நுண்ணிய துரு. இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நுண்ணளவில் உரசினால் உண்டாகும் தூள் அது. ஹப் முகத்தை அத்தனை கவனத்தோடு தேய்த்த நான், புதிய ஸ்பேசரின் முகத்தைப் புதியது என்பதாலேயே அப்படியே விட்டிருந்தேன்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான், சக்கரத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு முழுமையாக விளங்கியது. ஸ்டட்டுகள் முளைகள் போல நின்று பாரத்தைத் தாங்குகின்றன என்றுதான் பார்த்தால் தோன்றும். அவற்றின் வேலை இழுபட்டு நிற்பது. 14 மி.மீ. ஸ்டட்டைக் காய்ந்த மரையில் 170 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது ஏறத்தாழ 60 கிலோநியூட்டன் விசையோடு இழுபடுகிறது. ஆறு டன் எடை தொங்குவதற்குச் சமம். ஆறு ஸ்டட்டும் சேர்ந்து 36 டன் விசையில் இரண்டு முகங்களையும் அமுக்குகின்றன. உராய்வுக் கெழுவை 0.15 என்று குறைத்தே வைத்தாலும், முகங்கள் வழுக்காமல் 5 டன்னுக்கு மேல் தாங்கும். என் சக்கரத்தில் இறங்கும் பாரம் 450 கிலோ. சரிவில் பள்ளப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதலாகப் போனாலும் கவலையில்லை. பாரத்தைத் தாங்குவது அந்த உராய்வுதான். அமுக்கம் இருக்கும் வரை ஸ்டட்டின் மேல் வெட்டுவிசை வருவதே இல்லை என்று சொல்லலாம்.

ஆனால் அந்த 6 டன் இழுவிசைக்காக ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? இழுபடும் நீளம் சுமார் 30 மி.மீ. நீட்சி 0.07 மி.மீ. அவ்வளவுதான். பவுடர் பூச்சுப் பெயிண்டின் ஒரு படலமே 0.06 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். அந்தப் பெயிண்ட் பாரத்தில் நசுங்கிப் பிதுங்கி ஓரமாய் வழிந்தால், ஸ்டட்டின் நீட்சி முழுவதையும் அது விழுங்கிவிடும். நட் ஒரு இம்மிகூடத் திரும்பாமல் நின்ற இடத்திலேயே நிற்கும், இறுக்கம் மட்டும் போய்விடும். பிறகு முகங்கள் உரசும், ஸ்டட்டுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் முன்னும் பின்னும் வளையும், கடைசியில் களைத்து முறியும். ஸ்பேசர் போட்டுச் சக்கரம் கழன்றது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மட்டமான ஸ்பேசர் என்று நினைத்திருந்தேன். அவற்றில் சில நல்ல ஸ்பேசரின் மேல் இருந்த நல்ல பெயிண்டால் நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வலது சக்கரத்தையும் கழற்றினேன். அங்கே இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. இரண்டு ஸ்பேசரிலும் உள்முகம், வெளிமுகம், கூம்புக் குழிகள் என எங்கெல்லாம் இன்னொரு இரும்பு தொடுகிறதோ அங்கெல்லாம் பெயிண்ட் நீக்கும் திரவம் தடவி ஊற வைத்து, கம்பி பிரஷால் தேய்த்தெடுத்தேன். ரிம்மின் உட்புற முகத்திலும் அப்படியே. கிரைண்டரை எடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். வேகமாக முடியும், ஆனால் தட்டையான முகத்தில் பள்ளமும் மேடும் விழும். நேர்கோல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், கீற்று ஒளிகூடத் தெரியவில்லை. ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவி, மரையின் அடியில் விரிசலோ தேய்மானமோ இருக்கிறதா என்று பார்த்தேன். செந்தூள் படிந்திருந்த ஒரு ஸ்டட்டையும் அதன் நட்டையும் மாற்றினேன். தேவை இருந்ததா என்று உறுதியாகத் தெரியாது. சந்தேகத்தோடு அதை உள்ளே வைத்து மூட மனம் வரவில்லை.

வெறும் இரும்பு துருப்பிடிக்காதா என்று கேட்கலாம். அமுங்கிய முகங்களுக்கு நடுவே தண்ணீர் எளிதில் புகாது. மாட்டி முடித்த பின் வெளி ஓரத்தைச் சுற்றி மட்டும் மெல்லிதாகக் கிரீஸ் பூசினேன். மறுபடி மூன்று சுற்று, 170. இம்முறை ஒவ்வொரு நட்டிலிருந்தும் ஸ்பேசர் வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். நட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் என் முதல் அனுபவத்தில் நட் திரும்பாமலே இறுக்கம் போயிருந்ததால், கோட்டை மட்டும் நம்பாமல் ரெஞ்சையும் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினேன். உள்ளே பன்னிரண்டு நட்டும் அசையாமல் கிளிக் என்றன. பத்து மணி நேரத்தில் மீண்டும், ஐம்பதில் மீண்டும். எதுவும் நகரவில்லை.

ஸ்பேசரால் வந்த மற்ற மாற்றங்களையும் சொல்ல வேண்டும். அச்சின் வெளி பேரிங்கிலிருந்து டயரின் நடு வரை முன்பு 12 செ.மீ. இருந்தது, இப்போது 19.5. அதே பாரத்துக்கு அச்சை வளைக்கும் விசை 60 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஆகவே முன்பு பின்பக்கத்தில் தூக்கிய அதிகபட்சப் பாரத்தை இப்போது தூக்குவதில்லை. அச்சு முனையில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று கழுவும்போதெல்லாம் பார்க்கிறேன். பேரிங்குக்குக் கேடு வந்தால் முதலில் சீல்தான் சொல்லும்.

என் ரோட்டவேட்டர் 120 செ.மீ. அகலம். முன்பு இரு டயர்களின் வெளி ஓரம் 122 செ.மீ., ஏறக்குறைய சக்கரத் தடம் முழுவதையும் அது கிளறி மூடிவிடும். இப்போது வெளி ஓரம் 137. இருபுறமும் எட்டரை செ.மீ. அமுங்கிய மண் மிஞ்சுகிறது. ரோட்டவேட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டி, அந்தப் பக்கத்துத் தடத்தை முழுதாக மூடுகிறேன். மறுபக்கத் தடம் அடுத்த சாலில் அடிபடுகிறது. பழகப் பத்து நிமிடம் போதும். டயர்கள் மட்கார்டை விட்டு வெளியே நிற்பதால் ஈர நிலத்தில் சேறு தோள் வரை தெறிக்கிறது. பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி மட்கார்டின் ஓரத்தில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டேன்.

கவிழ்வுத் தடுப்புச் சட்டத்தை மடக்காமல் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன், இருக்கைப் பட்டையும் போட்டுக்கொள்கிறேன். சரிவில் வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல் எடுப்பதில்லை. அந்த நான்கு பாகையை நான் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது குழிக்கும் கல்லுக்கும் ஒதுக்கி வைத்தது.

உள் நட்டுகளுக்காகச் சக்கரத்தை அடுத்து இறக்க வேண்டியது 200 மணி நேரத்தில். மீட்டர் எண்ணைக் கணக்கிட்டு, இடது மட்கார்டின் உட்புறத்தில் மஞ்சள் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். மர ஆப்புகள் இரண்டும் இருக்கைக்குப் பின்னால் கருவிப்பெட்டியில் கிடக்கின்றன.